அளந்த வீதியில் ஓடியவர்கள்
மும்பை மரதன் நமக்குச் சொல்வது

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் நமது தோட்டத்து டிவிசனில் முதல் நிகழ்ச்சி மரதன் ஓட்டம்தான். கயிறிழுத்தலும் முட்டி உடைத்தலும் வழுக்குமரமும் பிறகு. விடியற்காலையில் பையன்கள் பிரட்டுக் களத்தில் கூடுவார்கள். பாதிப்பேர் காலில் சப்பாத்து இருக்காது. அங்கிருந்து ஸ்டோர் வரை இறங்கி, பாலம் கடந்து, மேல்கணக்கு லயத்தைச் சுற்றிக்கொண்டு கோவிலடிக்கு வந்து முடிக்க வேண்டும். எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டால் ஒருவர் ஐந்து என்பார், இன்னொருவர் ஏழு என்பார். பெரியவர்கள் “நாலு மைல் இருக்கும்” என்று முடித்துவிடுவார்கள்.

ஒரு வருடம் மணிக்கூடு பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. முதலாவதாக வந்த பையனின் நேரத்தை அறிவித்ததும், முந்திய வருடம் வென்றவனைவிட இரண்டு நிமிடம் குறைவு என்று கைதட்டல் எழுந்தது. பிறகுதான் விசயம் வெளியே வந்தது. திரும்பும் இடத்தில் வைத்த தார்ப் பீப்பாயை யாரோ முந்திய இரவே லயத்துப் பக்கமாக உருட்டி வைத்துவிட்டார்கள். அந்த வருடம் ஓடியவர்கள் எல்லோரும் குறைந்த தூரம்தான் ஓடியிருந்தார்கள். வென்றவன் உண்மையிலேயே வேகக்காரனா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

நம்மைப்போல் அளவுக்காக வாய்ச்சண்டை போடும் ஆட்கள் உண்டா? கொழுந்து மடுவத்தில் அரைக் கிலோ கழிவு வெட்டினால் விடமாட்டோம். இறப்பர் பால் வெட்டி இறக்கிய வாளியில் பாலை அளக்கும் மெட்ரோலாக் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண் கொட்டாமல் பார்ப்போம். முழுநாள் பேரா அரைநாள் பேரா என்பது ஒரு கிலோவில் தீர்ந்துவிடும் வாழ்க்கை நமது. அப்படியிருந்தும் நம் பிள்ளைகளின் ஓட்டத்தை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டோம். விழா மலரில் மும்பை மாநகரத்தின் மரதனைப் பற்றி எழுத நான் எடுத்துக்கொண்ட காரணம் இதுதான். அந்த ஓட்டம் ஒரு நிறுவனமாக நிலைத்ததற்குக் காசும் விளம்பரமும் உதவின. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஒலிம்பிக்கில் கொண்டுபோய் நிறுத்தியது அங்கே அளந்து வைத்த வீதியும் சரியான மணிக்கூடும்.

42.195 வந்த வழி

மரதன் என்ற தூரமே ஆரம்பத்தில் அளவில்லாமல்தான் இருந்தது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதில் வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். அடுத்த வருடம், 1897இல், பொஸ்டன் நகரம் தன் மரதனைத் தொடங்கி இன்றுவரை நடத்திவருகிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் வின்ட்சர் மாளிகையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிந்தது. அந்தத் தூரம்தான் 42 கிலோமீற்றர் 195 மீற்றர். 1921இல் அதுவே உலகம் முழுவதற்கும் விதியானது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இரத்தினபுரி நகரிலிருந்து குருவிட்ட, எஹலியகொடை தாண்டி அவிசாவளை வரைக்கும் உள்ள வீதி ஏறக்குறைய இவ்வளவு தூரம். பஸ்ஸில் போகும்போதே நமக்குத் தூக்கம் வந்துவிடும். அதை ஒருவர் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குள் ஓடி முடிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். எஹலியகொடையைத் தாண்டும் இடத்தில், அதாவது முப்பதாவது கிலோமீற்றரை ஒட்டி, உடம்பு சேர்த்துவைத்த மாச்சத்துத் தீரத் தொடங்கும். கால் கல்லாகும். உண்மையான ஓட்டம் அங்கேதான் ஆரம்பம் என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள்.

மும்பையில் தொடக்கம்

மும்பை மரதனின் முதல் ஓட்டம் 2004 பெப்ரவரி 15ஆம் திகதி நடந்தது. நடத்தியது புரோகாம் இன்டர்நெஷனல். தொடக்கத்தில் ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் பெயர் சேர்ந்திருந்தது. 2018 முதல் டாடா குழுமத்தின் பெயரில் நடக்கிறது. பின்னாளில் ஜனவரி மாதத்து மூன்றாம் ஞாயிறு அதற்கென்று நிலைத்தது. மும்பைப் பக்கம் பனியும் இல்லை, பெரிய குளிரும் இல்லை. வருடத்திலேயே வெயில் தணிந்திருக்கும் சில வாரங்கள் அவைதான். கொரோனா காலத்தில் 2021, 2022 இரண்டு வருடமும் ஓட்டம் நின்றது. 2023இல் மீண்டும் ஓடி, 2025 ஜனவரியில் 20ஆவது ஓட்டத்தைக் கண்டது.

முதல் வருடம் வென்றவர் தென்னாபிரிக்காவின் ஹென்ட்ரிக் ரமாலா. அதே வருடக் கடைசியில் அவர் நியூயோர்க் மரதனையும் வென்றபோது, மும்பையில் ஓடியவர் சும்மா ஆளில்லை என்று எல்லோருக்கும் விளங்கியது.

பாதை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன்னால் தொடங்கி, கடற்கரை ஓரமாக மரின் டிரைவ் வழியே போய், பெடர் வீதி ஏற்றத்தில் ஏறி, ஹாஜி அலி தாண்டி வர்லிக்குச் செல்லும். 2009இல் பாந்திரா–வர்லி கடற்பாலம் திறந்த பிறகு பாதை அதன் மேலாகவும் போனது. மற்ற நாளில் கால்நடையாக யாரும் போக முடியாத பாலத்தில் வருடத்துக்கு ஒரு நாள் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். திரும்பி வரும்போதும் பெடர் வீதி ஏற்றம் காத்திருக்கும். அப்போது கால் 35 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கும். நம் மேல்கணக்கு ஏற்றத்தோடு ஒப்பிட்டால் அது ஏற்றமே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அது மலைதான்.

முழு மரதன், அரை மரதன், 10 கிலோமீற்றர், முதியோர் ஓட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓட்டம், வேடிக்கையாகவும் நன்கொடை திரட்டவும் ஓடுகிற ‘ட்ரீம் ரன்’ எனப் பல பிரிவுகள் உண்டு. 2023இல் எல்லாப் பிரிவிலும் சேர்த்து 55,000 பேருக்கு மேல் ஓடினார்கள். அவர்களில் மிகச் சிலரே எலீட் பிரிவினர். நம் கதை அவர்களைப் பற்றியது.

எலீட் என்றால் யார்?

எலீட் ஓட்டக்காரர் காசு கட்டிப் பெயர் பதிபவர் அல்லர். அவருடைய பழைய நேரங்களைப் பார்த்து ஏற்பாட்டாளர்களே அழைக்கிறார்கள். நெஞ்சுத் துண்டில் சிலருக்கு இலக்கத்துக்குப் பதில் பெயரே இருக்கும். குறித்த தூரங்களில் போட்ட மேசைகளில் அவரவருக்கென்று கலந்த பானம் அவரவர் போத்தலில் இருக்கும். முன்னே சில பேர் வேகம் பிடித்துக் கொடுத்தபடி ஓடுவார்கள். ஒரு கிலோமீற்றருக்கு மூன்று நிமிடம் என்று பேசியிருந்தால், மணிக்கூட்டு முள்ளைப்போல் அதே வேகத்தில் கொண்டுபோய்க் குறித்த இடத்தில் விலகிவிடுவது அவர்கள் வேலை. காற்று முகத்தில் அடிப்பதை அவர்கள் வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும்.

அண்மைய ஓட்டங்களில் முதற்பரிசு 50,000 அமெரிக்க டொலர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. பாதைச் சாதனையை முறியடித்தால் மேலும் 15,000 டொலர். 2023இல் இரண்டு சாதனையும் ஒரே நாளில் விழுந்தன. எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2 மணி 07 நிமிடம் 32 செக்கனில் வந்தார். 2016இல் பொஸ்டனை வென்றவர் அவர். பெண்களில் அதே நாட்டு அன்சலம் ஹைமனோட் 2 மணி 24 நிமிடம் 15 செக்கன். கென்யாவின் வலன்டைன் கிப்கெட்டர் 2013இல் வைத்த சாதனை பத்து வருடத்துக்குப் பிறகு அன்று சரிந்தது. 2020இல் மும்பையில் வென்ற அமனே பெரிசோ 2023இல் உலகச் சம்பியனே ஆனார்.

இந்தியர்களுக்குத் தனி எலீட் பிரிவும் தனிப் பரிசுகளும் உண்டு. வெளிநாட்டாருக்கு டொலர், உள்ளூராருக்கு ரூபாய் என்று குறைசொல்வோரும் இருக்கிறார்கள். குறையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தனிப்பிரிவு இல்லாவிட்டால், முதல் பத்து இடத்தில் ஓர் இந்தியப் பெயரைக் காணப் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். பெரிய கைகளோடு ஒரே கோட்டில் நின்று, பரிசை மட்டும் தம்மவரோடு போட்டியிட்டு வாங்கும் ஏற்பாடு அது.

சைக்கிளில் வருகிற அளவுகாரர்

இனி இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருவோம். 42.195 கிலோமீற்றரை வீதியில் எப்படி அளக்கிறார்கள்?

மோட்டார் வாகனத்து மீட்டரை நம்புவதில்லை. அளவுகாரர் ஒருவர் சைக்கிளில் வருவார். முன் சில்லில் ஒரு சிறு எண்ணுகருவி பூட்டியிருக்கும். முதலில், இரும்பு நாடா வைத்து நேராக அளந்த ஒரு துண்டு வீதியில் சைக்கிளைப் பல தடவை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கெடுப்பார். பிறகு முழுப்பாதையும் ஓட்டுவார். வளைவுகளில் ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வீதி ஓரக் கல்லிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளியே அவர் சில்லு உருளும். வேலை முடிந்ததும் மறுபடி அந்த இரும்பு நாடாத் துண்டுக்கு வந்து எண்ணைச் சரிபார்ப்பார். வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து கணக்கு மாறிவிடும் என்பதற்காக இந்த இரண்டாம் சோதனை.

அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு மீற்றர் வீதம் தூரத்தைக் கூட்டியே வைப்பார்கள். முழு மரதனுக்கு ஏறக்குறைய 42 மீற்றர் கூடுதல். கூடினாலும் பரவாயில்லை, ஒருபோதும் குறையக்கூடாது என்பது விதி. கழிவு வெட்டிப் பழகிய தராசுகளையே பார்த்து வளர்ந்த நமக்கு, வீரனின் பெயர் கெடக்கூடாது என்று கூட்டி நிறுக்கும் தராசு ஒன்று உலகில் இருப்பது ஆச்சரியம்தான்.

இன்னும் இரண்டு விதி. உலக சாதனைக்கு ஏற்க வேண்டுமானால், தொடங்கும் இடமும் முடியும் இடமும் நேர்கோட்டில் மொத்தத் தூரத்தின் பாதிக்கு மேல் விலகியிருக்கக்கூடாது. பாதையும் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற விகிதத்துக்கு மேல் சரியக்கூடாது. பின்காற்றும் இறக்கமும் ஓடியவனுக்காக ஓடிவிடக்கூடாது என்பதற்காக இவை. புகழ்பெற்ற பொஸ்டன் பாதையே இந்த விதியில் சேராது. நம் இரத்தினபுரி–அவிசாவளை வீதியும் சேராது.

இரவல் சப்பாத்து

அளவு எவ்வளவு இரக்கமில்லாதது என்பதற்கு டெராரா ஹுரிசாவின் கதை போதும். எத்தியோப்பிய இளைஞரான அவர் 2020இல் மும்பைக்குத் தன் முதல் மரதனை ஓட வந்தார். வரும் வழியில் சப்பாத்து தொலைந்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஓடினார். 2 மணி 08 நிமிடம் 09 செக்கனில் வந்து அப்போதைய பாதைச் சாதனையோடு முதலிடம் பெற்றார்.

அடுத்த வருடம், 2021 செப்டெம்பரில், வியன்னா மரதனிலும் அவரே முதலாவதாக வந்தார். முடிந்த பிறகு அதிகாரிகள் சப்பாத்தை அளந்தார்கள். அடிப்பகுதி 5 சென்ரிமீற்றர் தடிப்பு. விதி அனுமதிப்பது 4 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றருக்காக வெற்றி பறிபோய், இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. கேட்கக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம்தான் நாளைக்கு விலையுயர்ந்த சப்பாத்து வாங்க முடியாத பையனையும் காப்பாற்றுகிறது.

வயநாட்டுக் கோபி

1964இல் நம்மவர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு நம் சொந்தங்களில் பல குடும்பம் நீலகிரிப் பக்கம் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்த் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியது. அந்தக் கூடலூருக்கு அடுத்த மலை மாவட்டம் கேரளத்து வயநாடு. அங்கே சுல்தான் பத்தேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை தோணக்கல் கோபி. இராணுவத்தில் சேர்ந்து, ஓட்டக்காரர் ஆனவர்.

2016 ஜனவரி மும்பை மரதனுக்குக் கோபி வந்தது வெல்வதற்காக அல்ல. இராணுவத்துச் சக வீரர் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பிடித்துக் கொடுத்தார். விலக வேண்டிய இடம் வந்தும் காலில் தெம்பு மிச்சம் இருந்ததால் விலகாமல் ஓடினார். ராவத் 2 மணி 15 நிமிடம் 48 செக்கனில் இந்தியர்களில் முதலிடம். கோபி 2 மணி 16 நிமிடம் 15 செக்கனில் இரண்டாமிடம். மூன்றாவது கேத்தா ராம். மூவரின் நேரமும் ரியோ ஒலிம்பிக்குக்கான தகுதி நேரத்துக்குள் இருந்தது.

ரியோவில் கோபி 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் 25ஆவதாக வந்தார். ஒரு செக்கன் பின்னால் 26ஆவதாகக் கேத்தா ராம். அடுத்த வருடம் சீனாவின் டொங்குவானில் நடந்த ஆசிய மரதன் சம்பியன் போட்டியில் கோபி தங்கம் பெற்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய ஆண் அவர்தான்.

இதை ஊன்றிக் கவனியுங்கள். வேகம் பிடித்துக் கொடுக்க வந்தவர் ஒலிம்பிக் போனது எப்படி? அவர் ஓடியது அளந்த பாதையில். அவருடைய நேரத்தைப் பிடித்தது நம்பத்தக்க மணிக்கூடு. அதை உலகத் தடகளச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதே 2 மணி 16 நிமிடத்தை அளக்காத பாதை ஒன்றில் ஓடியிருந்தால், ஊரில் ஒரு கோப்பை கிடைத்திருக்கும். பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தி வந்திருக்கும். அவ்வளவுதான். 2012இலும் இதுவே நடந்தது. இராணுவ வீரர் ராம் சிங் யாதவ் மும்பையில் 2 மணி 16 நிமிடம் 59 செக்கன் ஓடி லண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2019இல் சுதா சிங் 2 மணி 34 நிமிடம் 56 செக்கன் ஓடி இந்தியப் பெண்களில் முதலிடம் பெற்றார். அவரை உலகம் பெரிதும் அறிந்தது தடைதாண்டும் நெடு ஓட்டத்தில்.

நம் பக்கம் திரும்புவோம்

இலங்கைக்கு நெடுந்தூர ஓட்டம் புதிதல்ல. லூசியன் ரோசா 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் நெடுந்தூர ஓட்டத்தில் தங்கம் பெற்று, 1972இல் மியூனிக் ஒலிம்பிக் மரதனிலும் ஓடினார். அனுராத இந்திரஜித் குரே 2004, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் மரதன் ஓடி, ரியோ தொடக்க விழாவில் நாட்டின் கொடியையும் ஏந்தினார். மலையகத்திலிருந்து ஹட்டனின் குமார் சண்முகேஸ்வரன் இராணுவ அணிக்காக ஓடி 10,000 மீற்றரில் தேசிய சம்பியனானார்.

நம் சப்ரகமுவ மாகாணத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கேகாலை மாவட்டம் வறக்காப்பொலைப் பக்கத்து அத்னாவலைக் கிராமத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடிப் பதக்கம் பெற்றார். வென்றவர் ஊக்கமருந்து பாவித்தது பின்னாளில் வெளிவந்து அவருடைய பதக்கம் பறிக்கப்பட, சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயரை இத்தனை வருடம் கழித்தும் உயர்த்தியது அந்த 22.28 என்ற பதிவு.

தேயிலைக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று சிலர் கேட்பார்கள். கென்யாவின் நந்தி மலைகளும் கெரிச்சோவும் தேயிலை மலைகள். மரதன் வீரர் எலியுட் கிப்சோகே பிறந்தது அந்த நந்தி மாவட்டத்தில்தான். உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அவர்களின் மலை ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரம், மெல்லிய காற்று. நம்முடையது 600 மீற்றருக்குக் கீழ்ப்பட்ட தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும். அட்டையும் மழையும் புழுக்கமும்தான் நமக்கு வாய்த்தவை. ஆனால் மும்பையும் குளிர் நகரமல்ல. அங்கே ஓடுகிறவரும் வியர்வையில் குளித்துத்தான் முடிக்கிறார். விடிய எழுந்து ஏற்றத்தில் ஏறி நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டிவிட்டு, சுமையோடு இறங்கி வரும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூச்சும் காலும் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இல்லாதது அளந்த வீதி.

ஆகவே விழாக் குழுவுக்கும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த சித்திரைக்கு முன் நம் மரதன் பாதையை ஒரு தடவை ஒழுங்காக அளப்போம். மும்பையின் அளவுகாரர் வேண்டாம். ஸ்டோர் முன்னால் சமதரையில் 100 மீற்றரை இரும்பு நாடாவால் அளந்து, சைக்கிள் சில்லில் ஒரு துணியைக் கட்டி, எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும். அந்தக் கணக்கோடு பிரட்டுக் களத்திலிருந்து உருட்டிப் போவோம். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் பாறையிலோ மதகிலோ வெள்ளைச் சாயத்தால் கோடு போடுவோம். பீப்பாய் வேண்டாம், அது உருளும். பெண் பிள்ளைகளுக்கும் அதே பாதை, அதே பரிசு. காலை ஆறு மணிக்கே தொடங்குவோம், வழியில் தண்ணீர் வைப்போம், தோட்ட ஆஸ்பத்திரி வாகனம் ஒன்றை நிறுத்திவைப்போம்.

முடிந்ததும் ஒவ்வொருவரின் பெயரையும் நேரத்தையும் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றில் மையால் எழுதிக் கோவிலிலோ பாடசாலையிலோ பத்திரமாக வைப்போம். பாதை மாறாதவரை அந்தப் புத்தகம் பொய் சொல்லாது. பத்து வருடத்துக்குப் பின் ஒரு பிள்ளை வந்து, தன் அப்பா ஓடிய நேரத்தைப் பார்த்துவிட்டு அதைவிட வேகமாக ஓட நினைக்கட்டும். இரும்பு நாடா வாங்கும் செலவை இம்முறை நான் ஏற்றுக்கொள்கிறேன். சைக்கிளை யாராவது கொண்டுவாருங்கள்.